இரண்டில் எது வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

2007ஆம் ஆண்டின் நடுப்பகுதி. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்து, எழுவான்கரையின் கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் மாதக்கணக்காகத் தங்கியிருந்த விவசாயக் குடும்பங்கள் ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த வேளை. தன்னாமுனையில் ஒரு வேப்பமர நிழலில் சில குடும்பங்கள் கூடியிருந்தன. திரும்பிப் போகிறவர்களுக்கு என்ன உதவி தேவை என்று அறிய ஒரு நிறுவனத்தின் இளம் உத்தியோகத்தர் வந்திருந்தார். நாமும் அங்கே இருந்தோம்.

அவர் கையில் கட்டம் கீறிய ஒரு பெரிய தாள் இருந்தது. பொருட்களை இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடியிலும் எது வேண்டும் என்று கேட்டு, பதிலைக் கட்டத்தில் எழுதுவது முறை. நடுத்தர வயதுடைய ஓர் அக்காவிடம் அவர் கேட்டார்.

"விதைநெல்லா அக்கா, பசுமாடா?"

"மாடுதான் தம்பி. மழை பிழைச்சா நெல்லுப் போயிரும். மாடு எண்டா பிள்ளைகளுக்குப் பாலாவது மிஞ்சும்."

"சரி. மாடா, கிணறா?"

"கிணறுதான். மாட்டைக் கட்டி வச்சிட்டுத் தண்ணிக்கு எங்க போற?"

"கிணறா, விதைநெல்லா?"

"விதைநெல்லு. மாரி தொடங்கினா வட்டை நமக்காகக் காத்திருக்குமா? கிணத்தை அடுத்த கோடையிலயும் வெட்டலாம். அதுவரைக்கும் பக்கத்து வளவுல அள்ளிக் குடிக்கலாம்தானே."

உத்தியோகத்தர் தாளைப் பார்த்தார். நெல்லை மாடு வென்றது. மாட்டைக் கிணறு வென்றது. கிணற்றை நெல் வென்றது. எது முதலாவது என்று எழுத முடியவில்லை. "அக்கா, நீங்க மாத்தி மாத்திச் சொல்றீங்க" என்றார். அக்கா நாணிப்போனார். அருகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாளின் ஓரத்தில் "விளக்கம் போதாது" என்று ஒரு குறிப்பு விழுந்தது. பின்னர் வரிசையை உத்தியோகத்தரே தீர்மானித்தார். அக்காவுக்கு மாடு கிடைத்தது. அடுத்து வந்த கோடையில் தண்ணீர் இல்லாமல் அந்த மாடு வந்த விலைக்கு விற்கப்பட்டது.

அன்று நாமும் வாய் திறக்கவில்லை. அந்த அக்கா குழம்பிவிட்டார் என்றே நாமும் எண்ணினோம். பின்னர் அதைப் பற்றிப் பலமுறை பேசிப் பார்த்தபோதுதான் குழம்பியவர் அவர் அல்லர் என்பது எமக்கு விளங்கியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மூன்று கேள்விகள், ஒரு கேள்வி அல்ல

இப்படிச் சோடி சோடியாகக் கேட்கும் முறை எங்கிருந்து வந்தது? 1980களின் இறுதியிலும் 1990களிலும் பங்கேற்புக் கிராமிய மதிப்பீடு என்ற அணுகுமுறை இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேர்ட் சேம்பர்ஸ் இதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். அதன் நோக்கம் நல்லது. நகரத்திலிருந்து வந்த அதிகாரி பேசுவதை நிறுத்தி, கிராமத்து மக்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். எழுத்தறியாதவரும் கல்லையும் விதையையும் நிலத்தில் வைத்துத் தம் விருப்பத்தைக் காட்ட வேண்டும். இந்த முறையை நாம் குறை கூறவில்லை. ஆனால் மக்கள் சொல்வதைக் கேட்பதற்காக வந்த தாள், கட்டத்துக்குள் அடங்காத பதிலைக் கேட்க மறுக்கும்போது அதன் நோக்கமே கெட்டுவிடுகிறது.

அக்காவின் மூன்று பதில்களையும் மீண்டும் பாருங்கள். நெல்லையும் மாட்டையும் ஒப்பிட்டபோது அவர் எண்ணியது மழை பொய்த்தால் என்ன கதி என்பதை. மாட்டையும் கிணற்றையும் ஒப்பிட்டபோது, ஒன்றில்லாமல் மற்றது நிலைக்குமா என்பதை. கிணற்றையும் நெல்லையும் ஒப்பிட்டபோது காலத்தை. கேட்டவர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டதாக எண்ணினார். பதில் சொன்னவரோ மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு மூன்று சரியான பதில்களைச் சொன்னார். அந்தப் பதில்களில் எதை ஒரு போடியாரோ வட்டை விதானையோ பிழை என்று சொல்வார்?

இது எமது மக்களுக்கு மட்டும் உரிய குணம் அன்று. 1954இல் கென்னத் மே என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 62 கல்லூரி மாணவர்களிடம், மணம் முடிப்பதற்குரிய மூன்று பேரைக் கற்பனையாகக் கூறி, இருவர் இருவராக ஒப்பிடச் சொன்னார். ஒருவர் அறிவில் முந்தியவர், ஒருவர் அழகில், ஒருவர் செல்வத்தில். 62 பேரில் 17 பேரின் பதில்கள் எமது அக்காவின் பதில்களைப் போலவே சுற்றி வந்தன. படித்த வாலிபர்கள் சுற்றினால் அது ஆராய்ச்சி. இடம்பெயர்ந்த ஒரு தாய் சுற்றினால் மட்டும் அது விளக்கக் குறைவா? எமது வீடுகளிலும் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது குணம், தொழில், சீதனம் என்று ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு பேச்சு மாதக்கணக்காகச் சுற்றுவதை அறியாதவர் யார்?

சிறிது சிறிதாக நகர்த்தப்படுவது

சுற்று உண்டாவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதை எமது விவசாயிகள் மிகக் கவனமாக அறிந்திருக்க வேண்டும்.

நான்கு காணித் துண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது வீட்டிலிருந்து ஒரு மைல். ஏக்கருக்கு 20 மூடை விளையும். இரண்டாவது இரண்டு மைல், 22 மூடை. மூன்றாவது மூன்று மைல், 24 மூடை. நான்காவது நான்கு மைல், 26 மூடை. முதலாவதா இரண்டாவதா என்று கேட்டால், "ஒரு மைல்தானே கூட, இரண்டு மூடை லாபம்" என்று இரண்டாவதை எடுப்போம். அதே நியாயத்தால் இரண்டாவதை விட்டு மூன்றாவதையும், மூன்றாவதை விட்டு நான்காவதையும் எடுப்போம். இப்போது நான்காவதையும் முதலாவதையும் நேருக்கு நேர் வைத்துக் கேளுங்கள். "நாலு மைல் போய் இரவில் யானைக் காவல் யார் இருப்பது? வீட்டுக்குப் பக்கத்துக் காணியே போதும்" என்போம். ஒவ்வொரு படியிலும் தூரம் சிறிதாகத் தெரிந்தபடியால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எல்லாப் படியும் சேர்ந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்விலும், சிறிய வேறுபாடுகளைக் கவனியாமல் விட்டுச் செல்பவர்கள் இப்படியே சுற்றில் அகப்படுவது காட்டப்பட்டது.

இதில் உள்ள ஆபத்து என்ன? இடம்பெயர்ந்தவர்களிடம் ஒருபோதும் எல்லாத் தெரிவுகளும் ஒரே நாளில் வைக்கப்படுவதில்லை. முதலில் "இந்த முகாமை விடச் சற்று வசதியான அந்த முகாம்" என்பார்கள். பின்னர் "முகாமை விடத் தற்காலிகக் கொட்டில் நல்லது" என்பார்கள். பின்னர் "கொட்டிலை விடக் கல்வீடு நல்லது, ஆனால் அது வேறு இடத்தில்" என்பார்கள். ஒவ்வொரு படியிலும் நாம் ஓம் என்று கையெழுத்து வைப்போம். கடைசியில் திரும்பிப் பார்த்தால், எமது சொந்த வளவுக்கும் எமக்கும் இடையே வாவி மட்டுமன்றி ஒரு வாழ்நாளும் கிடக்கும். யாரும் எம்மை வலிந்து தள்ளவில்லை. யாரும் ஏமாற்றியும் இருக்க மாட்டார்கள். ஆயினும், தொடக்கத்திலேயே "உங்கள் பழைய வளவா, இந்தத் தூரத்து வீடா?" என்று நேராகக் கேட்டிருந்தால் நாம் வேறு பதில் சொல்லியிருப்போம்.

ஆகவே ஒவ்வொரு புதிய தெரிவும் வரும்போது, அதைக் கையில் உள்ளதோடு மாத்திரம் ஒப்பிட வேண்டாம். முதன்முதலில் விட்டு வந்ததோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஊர்க் கூட்டத்திலும் சுற்று உண்டு

தனி ஒருவரின் மனத்தில் சுற்று வரலாம் என்றால், ஒரு கூட்டத்தில் அது இன்னும் எளிதில் வரும். அங்கே ஒருவரும் சுற்ற வேண்டியதில்லை. எல்லோரும் தெளிவாக இருந்தாலும் கூட்டம் சுற்றும்.

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதற் குடும்பம் விதைநெல், கிணறு, மாடு என்று வரிசைப்படுத்துகிறது. இரண்டாம் குடும்பம் கிணறு, மாடு, விதைநெல் என்கிறது. மூன்றாம் குடும்பம் மாடு, விதைநெல், கிணறு என்கிறது. இப்போது கைகளை உயர்த்தச் சொல்லுங்கள். விதைநெல்லா கிணறா என்றால் இரண்டு குடும்பங்கள் விதைநெல். கிணறா மாடா என்றால் இரண்டு குடும்பங்கள் கிணறு. மாடா விதைநெல்லா என்றால் இரண்டு குடும்பங்கள் மாடு. பெரும்பான்மை மூன்று முறையும் தெளிவாகப் பேசியது. ஆனால் சேர்த்துப் பார்த்தால் அக்காவின் அதே சுற்று.

இதைப் பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் கொண்டோர்சே 1785இல் எழுதி வைத்தார். அவருக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சோடி சோடியாக ஒப்பிட்டுத் தேர்தல் நடத்தும் வழியைச் சொன்னவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்தார்கள். மயோர்க்கா தீவைச் சேர்ந்த மறைப்பணியாளர் இரமோன் லுள் 1299இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். துறவற மடங்களில் தலைவரைத் தெரிவு செய்யும்போது பகையும் சூழ்ச்சியும் நுழையாதிருக்க, ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 15ஆம் நூற்றாண்டில் கூசா நகரத்து நிக்கொலாஸ் என்ற கர்தினாலும் தேர்தல் முறைகளை ஆராய்ந்தார். 1951இல் கென்னத் அரோ என்ற பொருளியலாளர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கும்போது, நியாயமென்று நாம் கருதும் சில எளிய நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருங்கே நிறைவேற்றும் வாக்கெடுப்பு முறை இருக்க முடியாது என்று நிறுவினார். 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எமது நாட்டிலும் இது புதியதன்று. 1982இலிருந்து சனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசை இட இடமுண்டு. பெரும்பாலானோர் ஒருவருக்கு மட்டும் அடையாளமிட்டு வந்தோம். 2024 செப்டெம்பரில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாதபடியால், முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. வரிசைப்படுத்துவதற்கு ஒரு பெறுமதி உண்டு என்பதை அன்று நாடே கண்டது.

கூட்டத்தின் சுற்றில் மறைந்திருக்கும் அநீதியை இப்போது கவனியுங்கள். மேலே சொன்ன மூன்று குடும்பங்களின் கூட்டத்தில், தலைவர் முதலில் விதைநெல்லையும் கிணற்றையும் மோத விடுகிறார். விதைநெல் வெல்கிறது. பின் அதை மாட்டோடு மோத விடுகிறார். மாடு வெல்கிறது. தீர்மானம்: மாடு. அவரே முதலில் கிணற்றையும் மாட்டையும் எடுத்திருந்தால் கிணறு வென்று, பின் விதைநெல்லிடம் தோற்றிருக்கும். தீர்மானம்: விதைநெல். முதலில் மாட்டையும் விதைநெல்லையும் எடுத்திருந்தால் கடைசியில் கிணறு வந்திருக்கும். மக்கள் அதே மக்கள். மனமும் அதே மனம். எதை முதலில் கேட்பது என்பதை வைத்திருப்பவர் கையில்தான் முடிவு இருக்கிறது. கூட்ட அறிக்கையிலோ "மக்களின் ஏகமனதான தெரிவு" என்று எழுதப்படும்.

எமது ஊர்களில் எத்தனையோ தீர்மானங்கள் இப்படி நிறைவேறியிருக்கும். கேள்வியின் ஒழுங்கை நிறுவனமோ அதிகாரியோ ஊரின் பெரிய மனிதரோ வைத்திருந்தார்கள். எம்மைப் போன்ற பங்குப் பணியாளர்களும் வைத்திருந்தோம். எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

எல்லாச் சுற்றும் ஞானம் அல்ல

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாக எழுதியவர்களாக மாட்டோம். சுற்றி வரும் பதில் எல்லாம் ஆழ்ந்த சிந்தனையிலிருந்து வருவதில்லை. களைப்பிலிருந்தும் வரும். எட்டுப் பொருட்களைச் சோடி சேர்த்தால் 28 கேள்விகள். வெயிலில் பசியோடு இருக்கும் ஒருவரிடம் 28 கேள்வி கேட்டால், பிந்திய பதில்கள் எழும்பிப் போவதற்காகச் சொல்லப்படும் பதில்களே. அச்சத்திலிருந்தும் வரும்: கணவனோ மாமியாரோ அருகில் வந்து நின்றவுடன் பதில் மாறும். கேட்பவரைத் திருப்திப்படுத்தும் எண்ணத்திலிருந்தும் வரும்: இந்த நிறுவனம் மாடுதான் கொடுக்கிறது என்று காதில் விழுந்திருந்தால், மாடு என்று சொல்லாமல் இருப்பது எப்படி?

சுற்று இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. ஐந்து பொருட்களை ஒப்பிட்டால் பத்துச் சோடிகள். ஒவ்வொரு பொருளும் எத்தனை முறை வென்றது என்று எண்ணுங்கள். 4, 3, 2, 1, 0 என்று வெற்றிகள் வந்தால் எங்கும் சுற்று இல்லை. இரண்டு பொருட்களுக்கு ஒரே எண்ணிக்கை வந்தால் எங்கோ ஒரு சுற்று நிச்சயமாக உண்டு. ஐந்து பொருட்களில் ஆகக்கூடியது ஐந்து சுற்றுகள் வரலாம். இங்கிலாந்தின் புள்ளிவிபரவியலாளர்களான கெண்டல், பபிங்டன் சிமித் ஆகியோர் 1940இல் இத்தகைய சுற்றுகளை எண்ணி, பதில்கள் எவ்வளவு ஒழுங்காக உள்ளன என்று அளக்கும் வழியை வகுத்தார்கள். நாணயத்தைச் சுண்டிப் பதில் எழுதினாலும் மூன்று பொருட்களில் நான்குக்கு ஒரு முறைதான் சுற்று வரும். ஆகவே சுற்று இல்லை என்பதால் மட்டும் பதில்கள் உண்மையானவை என்றும் எண்ணிவிட முடியாது.

களைப்புச் சுற்றையும் உண்மைச் சுற்றையும் பிரித்தறிய ஒரே வழி, இன்னொரு நாள், இன்னொரு ஒழுங்கில், காரணத்தையும் சேர்த்துக் கேட்பதுதான். களைப்பினால் வந்த சுற்று மறுநாள் காணாமற் போகும். உண்மையான சுற்று அதே காரணங்களோடு திரும்பி வரும்.

நாம் செய்யக்கூடியவை

உதவி செய்ய வருபவர்களுக்கு முதலில் சொல்கிறோம். கட்டத்தில் பெயரை எழுதும்போது அதன் அருகில் காரணத்தையும் எழுதுங்கள். அக்காவின் மூன்று காரணங்களும் எழுதப்பட்டிருந்தால், அவற்றை வாசித்த எவருக்கும் தேவை விளங்கியிருக்கும். அவர் "எது வேண்டும்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. "எது எப்போது வேண்டும்" என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாரி விதைப்புக்கு முன் விதைநெல். நீர்மட்டம் இறங்கும் கோடையில் கிணறு. தண்ணீர் உறுதியானபின் மாடு. சுற்று என்பது பல வேளைகளில் ஒரு பயிர்ச்செய்கை நாட்காட்டியே. அதை நேராக்கி ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்தால், மற்ற இரண்டும் இல்லாமல் அதுவும் பட்டுப்போகும்.

மூன்றையும் கொடுக்கப் பணம் இல்லையென்றால், உள்ள தொகையைச் சொல்லி, எப்படிப் பிரிப்பது என்பதைக் குடும்பத்திடமே விடுங்கள். கையில் உள்ள காசைக் கட்டுக் கிணற்றுக்கும் விதைநெல்லுக்கும் பங்கிடத் தெரியாத விவசாயி எந்த வட்டையிலும் இல்லை.

இனி எமது குடும்பங்களுக்கு. கூட்டத்துக்குப் போகும்போது மூன்று காரியங்களைக் கேளுங்கள். எல்லாத் தெரிவுகளையும் முதலிலேயே பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுக்க விடாதீர்கள். எல்லாச் சோடிகளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். தோற்றது என்று ஒன்றை இடையில் தள்ளி வைக்க விடாதீர்கள். சுற்று வந்தால் அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சுற்று வந்த இடத்தில் இன்னும் பேச வேண்டியது இருக்கிறது. கையை எண்ணி அதை முடித்துவிடக் கூடாது.

பெண்களிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கிணற்றின் அருமை தண்ணீர் அள்ளுபவருக்குத்தான் தெரியும்.

ஊர் திரும்புவதா, புதிய இடத்தில் குடியேறுவதா, உறவினரோடு இருப்பதா என்று கேட்கும் படிவங்களில் பதிலை மாற்றிய குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைப் பொய்யர் என்றும் இரண்டு பக்கமும் உதவி எடுப்பவர் என்றும் பேசியதை நாம் கேட்டிருக்கிறோம். 1990இலும், 2004 சுனாமியிலும், மீண்டும் 2007இலும் வீட்டை விட்டு எழும்பிய ஒரு குடும்பத்துக்கு ஊர் என்றால் நிலமும் தான், பயமும் தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்தால் ஒரு பதில். தகப்பனின் புதைகுழியை நினைத்தால் இன்னொரு பதில். அறுவடையை நினைத்தால் வேறொன்று. இந்தப் பதில்கள் ஒன்றையொன்று சுற்றுவது மனம் நேர்மையாக இருப்பதன் அடையாளமே. அவர்களுக்குத் தேவை சற்றுக் கால அவகாசமும், ஒருமுறை போய்ப் பார்த்துத் திரும்பி வர ஒரு வழியும், மாற்றிச் சொன்னால் பெயர் வெட்டப்படாது என்ற உறுதியும்.

யெரிக்கோ வீதியோரத்தில் இருந்த பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை எவருக்கும் தெரியும். ஆயினும் ஆண்டவர் அதைத் தாமே ஊகித்துக்கொள்ளாமல் அவனிடமே கேட்டார். அவன் வாயால் சொல்லும் வரை பொறுத்திருந்தார். அவனை அதட்டி அடக்கப் பார்த்தவர்கள் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

அந்த அக்கா இன்று எங்கே இருக்கிறார் என்று நாம் அறியோம். இந்தப் பக்கம் எங்காவது அவர் கண்ணில் பட்டால், அன்று சொல்லாமல் விட்டதை இன்று சொல்கிறோம்: அக்கா, நீங்கள் சொன்ன மூன்றும் சரி.